கிடைத்த மூன்று மணி நேரத்தை என்ன செய்தோம்?

தோட்டப் பாட்டாளி மக்களிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. "விடியக்காலையிலே பெரட்டுக்குப் போய், குலை வெட்டி, கைவண்டி தள்ளி, இடுப்பு ஒடிஞ்சு வர்றோம். இதுக்கு மேலே என்னய்யா பயிற்சி? அதெல்லாம் ஆபீசிலே குளுகுளுன்னு உட்கார்ந்து எழுதுற கிராணிமாருக்குச் சொல்லுங்க" என்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பேச்சு அதோடு முடிந்து போகும்.

கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் "ஓடு, குதி" என்று உபதேசம் செய்பவர்கள் பாட்டாளியின் முதுகு வலியை அறியாதவர்கள். ஆகவே முதலில் அந்தக் கேள்வியையே எடுத்துக் கொள்வோம்.

டென்மார்க் நாட்டில், கோப்பன்ஹேகன் வட்டாரத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்து ஓடியாடியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக வந்தன. ஆனால் வேலை நேரத்தில் உடலை வருத்திக் கடுமையாக உழைத்தவர்களுக்கு அவை குறையவில்லை, கூடுதலாகவே வந்தன! அது ஒரே ஒரு நாட்டின் கணக்குத்தான். ஆனாலும் அது நம்மைப் பற்றிய கணக்கு என்று நாம் ஏன் நினைக்கக் கூடாது?

காரணம் ஒன்றும் மாயமில்லை. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டுகிறவருக்கு அதே கழுத்து, அதே தோள், அதே இடுப்பு மட்டுமே நாள் முழுக்க வேலை செய்கிறது. இருபது கிலோ எடையுள்ள குலையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக் கொள்கிறோம். இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியபடியே நிற்கிறது. களைத்தபோது நிறுத்த முடியாது. ஏனென்றால் குலைக் கணக்கு இருக்கிறது, மண்டோர் இருக்கிறார். உடற்பயிற்சி அப்படியல்ல. நாமே தொடங்குகிறோம், நாமே நிறுத்துகிறோம். இதயம் சற்று நேரம் வேகமாக அடித்து, பிறகு இளைப்பாறுகிறது. முதலாவது துரைக்காக உடம்பு படும் பாடு. இரண்டாவது உடம்புக்காக நாம் செய்வது. இரண்டும் ஒன்றாகுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். எல்லோரும் இன்று குலை வெட்டுவதில்லை. நம் பெற்றோர் காலத்தில் நானூறு ஐந்நூறு பால்மரம் நிரையில் நடந்து வெட்டி, பிறகு பால் எடுத்து, காண்டாவில் தூக்கி வந்து, மாலையில் வீட்டுக் கொல்லையில் மண்ணும் கொத்தினார்கள். இன்று காட்டுக்கு மோட்டார் சைக்கிள், கடைக்கு மோட்டார் சைக்கிள், இருநூறு அடி தள்ளி இருக்கும் கோயிலுக்கும் மோட்டார் சைக்கிள். பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்; சிலர் பாதுகாவலர் வேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்; சிலர் லோரி ஓட்டுகிறார்கள். சாப்பாடு மட்டும் பால் வெட்டிய காலத்துச் சாப்பாடு. ஒரு மலைச் சோறு! அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே, நாளைக்கு நாலு கிளாஸ்.

விளைவு என்ன? 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்! மூன்றில் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். லயத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 54 பேர், அளவுக்கு மீறிய எடையோடு இருப்பதாகத் தெரிந்தது.

கால் விரலில் ஒரு சின்னப் புண், செருப்புக் கடித்தது என்று விட்டது, பிறகு விரல், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று வெட்டப்பட்டவர்களைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து வராத தோட்டத்துக் குடும்பம் எது? வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிற ஒருவர் வேலைக்கு எப்படிப் போவார்? சம்பளப் பேரத்தில் நாம் ஐம்பது வெள்ளி உயர்த்தி வாங்கித் தருகிறோம். அதை இனிப்பு நீர் வந்து இந்தப் பக்கம் பிடுங்கிக் கொண்டு போகிறது. அதனால்தான் தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் இதைப் பேசுகிறோம். வைத்தியர் வேலையைப் பறிக்க அல்ல.

நம் ஜனங்களின் உடல்வாகே கொஞ்சம் பொல்லாதது. கையும் காலும் ஒல்லியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னால் போகும். "நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்பவருக்கும் வயிற்றுக் கொழுப்பு உள்ளே வேலை செய்து கொண்டிருக்கும். ஆசியர்களுக்கு ஆண் என்றால் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண் என்றால் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். அங்குலத்தில் சொன்னால் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. கிளை நிர்வாகிகளில் எத்தனை பேர் தேறுவோம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது தலைப்புக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைச் சட்டத்தில் திருத்தம் அமலுக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை, 45 மணி நேரமானது. இந்த மூன்று மணி நேரம் யாரோ கருணைப்பட்டுக் கொடுத்ததல்ல. "எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு" என்று உலகத் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கேட்டு வந்த கோரிக்கையின் தொடர்ச்சி அது. 1886இல் சிக்காகோவில் அதற்காக ரத்தம் சிந்தியவர்களை மே தினம் தோறும் மேடையில் நினைவு கூர்கிறோம். "நமக்கு" என்று கேட்டார்களே அந்த எட்டு மணி நேரம், அது டெலிவிஷன் தொடருக்கும் கைப்பேசிக்கும் என்றா கேட்டார்கள்?

கணக்கைப் பாருங்கள். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் அசைவு வேண்டும் என்கிறது. சட்டம் கொடுத்த நேரத்துக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. மிச்சம் அரை மணி நேரம். அதில் உட்கார்ந்து தே குடித்துக் கொள்ளலாம், சீனி மட்டும் குறைவாக! ஒரே மூச்சாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்பெல்லாம் பத்து நிமிடமாவது தொடர்ச்சியாகச் செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும். அதிலும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரையைக் குறைக்க நல்ல வழி. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானாகவே இழுத்துக் கொள்கிறது. காசு இல்லாத மருந்து.

ஓவர்டைம் பார்ப்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறவருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது என்பது உண்மை. அதற்குச் சம்பளம்தான் பதில். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாலு பேர் கொண்ட குடும்பம் அதில் எப்படிக் காலம் தள்ளும்? ஓவர்டைம் இல்லாமல் வாழக்கூடிய சம்பளம் வேண்டும் என்று கேட்பதும் உடல் நலக் கோரிக்கைதான். இதை வேறொரு நாள் விரிவாக எழுதலாம்.

சரி, நேரம் இருக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். மனம் வர வேண்டுமே! ஜனவரி மாதம் புதுச் சப்பாத்து வாங்கி, மூன்று நாள் ஓடி, நாலாம் நாள் மழை என்று நின்று, பொங்கலோடு சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இது எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து. மனவலிமை இல்லை என்று நம்மை நாமே திட்டிக் கொள்வதால் ஒரு பயனும் இல்லை. தனியாகச் செய்கிற எதுவும் நம் ஜனங்களுக்கு நிலைப்பதில்லை என்பதுதான் நாம் பார்த்த அனுபவம். திருவிழா என்றால் லயமே எழுந்து நிற்கிறது. கல்யாண வீட்டில் இரவு முழுக்கக் காய் நறுக்கக் கை சலிப்பதில்லை. கூட்டமாகச் செய்தால் களைப்பே தெரியாத ஜாதி நாம். அப்படியிருக்க, தனியாக ஓடச் சொன்னால் எப்படி ஓடுவோம்?

தோட்டத்துத் திடலை நினைத்துப் பாருங்கள். கோயில் ஒரு பக்கம், தமிழ்ப்பள்ளி ஒரு பக்கம், நடுவில் திடல். மாலை நாலரை மணிக்குப் பந்து விழுந்தால் ஏழு மணிக்கு இருட்டும் வரை ஓய்வே கிடையாது. யாரும் அதை "உடற்பயிற்சி" என்று சொன்னதில்லை. பந்து, அவ்வளவுதான். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி, வென்றால் ஒரு கிண்ணம், தோற்றால் ஒரு வாரம் கேலி. சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்ற ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பார்த்துத்தான் "ஸ்பைடர்மேன்" என்று நாடே அழைத்தது. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் ஐம்பது வயதுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு பையன் திடலுக்குப் போனால், பத்து வைத்தியர் சொற்பொழிவுக்குச் சமம்.

1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் கொண்டு வந்தவர் டாக்டர் எம். ஜெகதீசன். அதே ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர் எம். இராஜாமணி. இவர்களையெல்லாம் படத்தில் மாட்டி வைத்துவிட்டு நாம் சோபாவில் சாய்ந்து விட்டோம்.

ஓட்டம் எல்லோருக்கும் வராது. நாற்பதைத் தாண்டிய முழங்கால் அதற்கு ஒப்புக் கொள்ளாது. நடக்கலாமே! நடப்பதைக் கேவலமாக நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம்: கோ. சரவணன். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார். ஓடவில்லை, குதிக்கவில்லை, நடந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். அந்தப் போட்டிக்காகக் கட்டிய புக்கிட் ஜாலில் அரங்கம் எந்த மண்ணில் நிற்கிறது? நம் ஜனங்கள் பால் வெட்டிய புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில். மரம் போனது, லயம் போனது, அரங்கம் வந்தது. அந்த அரங்கத்துக்குள் போய்ப் பந்தாட்டம் பார்க்க நாம் டிக்கெட் வாங்குகிறோம். அதன் சுற்றுப்புறத்தில் காலையில் போய் நடக்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

நடை நமக்குப் புதிதா என்ன? தைப்பூசத்தை ஒட்டி இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டால், ஏறக்குறைய 15 கிலோமீட்டர், பத்துமலை வரை கூடவே நடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பாட்டிமார் வெறுங்காலோடு போகிறார்கள். அங்கே போய் 272 படி ஏறுகிறார்கள். அன்றைக்கு யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை! வருடத்தில் 364 நாள் வாசல்படி ஏற மோட்டார் சைக்கிள் கேட்கிறவர், ஒரு நாள் மட்டும் மலை ஏறுகிறார். பக்தியைக் குறை சொல்லவில்லை. விரதம் இருந்து காவடி எடுக்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு மாதம் தினமும் மாலையில் கோயிலைச் சுற்றி நடந்து பழகினால் முருகன் கோபிக்கவா போகிறார்? செலாயாங், கோம்பாக் பக்கம் இருப்பவர்கள் பலர் பத்துமலைப் படியையே விடியற்காலையில் பயிற்சிக் களமாக வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு மெதுவாக இறங்குங்கள். ஏறும்போதை விட இறங்கும்போதுதான் முழங்கால் தேய்கிறது. குரங்குக்கு வாழைப்பழம் காட்டாதீர்கள்.

ஆண்களைப் பற்றியே பேசிக் கொண்டு போகிறோம். பெண்களின் நிலை என்ன? "எங்களுக்கு எங்கேய்யா நேரம்? காட்டு வேலை முடிஞ்சு வந்தா அடுப்பு, துணி, புள்ளைங்க பாடம். அவரு மட்டும் திடலுக்குப் போயிருவாரு, திரும்பி வரும்போது பீரு வாசனையும் கூடவே வரும்" என்று ஒரு சகோதரி நம்மிடம் கேட்டதற்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பந்து விளையாடிவிட்டு ஆளுக்கு இரண்டு போத்தல் என்றால், ஓடியது எல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்து. மனைவி அரை மணி நேரம் நடக்கப் போகும்போது கணவன் சோறு வடித்தால் மானம் போய்விடாது.

நம் பெண்கள் வீட்டை விட்டு வந்து பயிற்சி செய்வதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டும். 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர். பால் வெட்டிய கையில் துப்பாக்கி பிடித்து, கால்சட்டை அணிந்து அணிவகுத்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையில் அதிகாரியாக இருந்தார். அந்தப் பாட்டிகளின் பேத்திகள் இன்று சப்பாத்துப் போட்டு லயத்து ரோட்டில் நடந்தால் "யாருக்கு இந்த ஷோ?" என்று கேட்கிறோம். வெட்கம்!

கும்மி, கோலாட்டம் இரண்டையும் திருவிழாவுக்கு மட்டும் வைத்திருப்பானேன்? ஆயாக்கொட்டகைக்கு முன்னால் வாரம் இரண்டு மாலை பத்துப் பெண்கள் சேர்ந்து அரை மணி நேரம் கும்மி அடித்தால் நெற்றியில் வேர்வை வழியும். கோலாலம்பூர் மாநகரில் இதற்குக் காசு வாங்கிக் கொண்டு "ஜும்பா" என்று பெயர் வைத்துக் கற்றுக் கொடுக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயிலில் பிள்ளைகள் பரதம் ஆடுகிறார்கள். பரதத்தில் அரைமண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய தேகப் பயிற்சி என்று தெரியும். ஆண் பிள்ளைகளுக்குச் சிலம்பம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் அதே கம்புதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிலம்பக் கழகங்கள் மாலை வேளையில் கற்றுக் கொடுக்கின்றன. கபடிக்கு ஒரு கோடு கிழித்தால் போதும். 1990இலிருந்து அது ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. கைப்பேசியில் பந்து விளையாடுகிறார்கள், கட்டை விரல் மட்டும் பலமாகிறது.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பாடு வேறு. நிலம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் குடியேறிய குடும்பங்களுக்குத் திடல் ஏது? ஷா ஆலம், சுபாங், பூச்சோங் என்று இன்று ஜொலிக்கிற பேட்டைகளில் பெரும்பகுதி ஒரு காலத்துத் தோட்டங்கள். வீடு கொடுத்தார்கள், அதுவும் போராடிய பிறகு. திடலுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. ஈட்டுத் தொகைப் பேச்சில் கோயிலையும் பள்ளியையும் நாம் விடாமல் பிடித்தோம். திடலை எழுதிச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்? இனி எந்தத் தோட்டம் விற்பனைக்கு வந்தாலும் கோயில், பள்ளி, திடல் மூன்றும் ஒரே வரியில் எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து. தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதி பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கிளைச் செயலாளர்கள் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் புரட்டிப் பார்த்து வைத்துக் கொள்வது நல்லது.

மாடியில் இருப்பவர்கள் படியை விட்டால் வேறு மலைக்குப் போக வேண்டியதில்லை. லிஃப்ட்தான் மாதத்தில் பாதி நாள் வேலை செய்வதில்லையே! வேலை செய்கிற நாளிலும் கடைசி மூன்று மாடியை ஏறிப் பாருங்கள். கிள்ளானில் செட்டித் திடல் இருக்கிறது. ஷா ஆலம் ஏரி, தித்திவங்சா ஏரி, 1888இல் தொடங்கிய பழைய ஏரித் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. கோலாலம்பூர் நடுவே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சில சாலைகளில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிறார்கள். 2014இலிருந்து நடக்கிற ஏற்பாடு அது. ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்ப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் கண் பார்வையற்றவர்கள் வெள்ளைக் கோலோடு தினமும் நடக்கிறார்கள். உடைந்த நடைபாதையிலும், அதன் மேல் நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு நடுவிலும் நடக்கிறார்கள். மாநகராட்சி அந்த நடைபாதையைச் சரி செய்ய வேண்டும். மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்துகிறவர்களில் நம்மவர்களும் உண்டு.

சைக்கிள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் காலத்தில் நடந்த வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையையும் உத்தியோகஸ்தர்களையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது மற்றொன்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகிற உரிமைக்காகக் கிள்ளான் தொழிலாளி போராடியிருக்கிறான்! அந்தச் சைக்கிள் இன்று எங்கே? வாடகைச் சைக்கிளில் கூட ஏற ஆளில்லை. போருக்குப் பிறகு 1946, 47இல் கெடா, பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படை கட்டினார். கள்ளை எதிர்த்த அந்த இளைஞர்கள் மாலையில் திடலில் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். நிமிர்ந்து நடக்கப் பழகிய பிறகுதான் அவர்களுக்குக் குனிந்து சலாம் போடக் கசந்தது. தோட்ட நிர்வாகங்கள் அந்தப் படையைக் கண்டு ஏன் மிரண்டன என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காள தேசத்தவர் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். மாலையில் அவர்கள் வலை கட்டி வாலிபால் ஆடுவதையும், ராகா பந்து உதைப்பதையும் நம் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்து ஆடச் சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, பந்துக்குப் பாஷை கிடையாது. நாளைக்குச் சம்பளப் பேரத்தில் ஒன்றாக நிற்கவும் அது உதவும்.

சில எச்சரிக்கைகள். நாற்பதைத் தாண்டியவர்கள், பல ஆண்டு அசையாமல் இருந்தவர்கள், தடாலென்று பந்து விளையாட இறங்கக் கூடாது. ஒரு மாதம் நடந்து பழகிய பிறகு இறங்குங்கள். சொக்சோ சந்தா கட்டுகிற நாற்பது வயதுக்காரர்களுக்கு 2013இலிருந்தே இலவச உடல் பரிசோதனைத் திட்டம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 2019இலிருந்து 'பெகா பி40' என்ற பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. கடிதம் வந்தும் போகாமல் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். போனால் வியாதி தெரிந்துவிடும் என்று பயம்! தெரியாமல் இருந்தால் வியாதி போய்விடுமா? இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போடுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சட்டைப் பையில் ஒரு மிட்டாய் வைத்துக் கொள்ளுங்கள். தலை சுற்றினால் உதவும். மார்பு இறுகினாலோ, இடது கை வலித்தாலோ உட்கார்ந்து விடுங்கள்; "காத்துப் பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருட்டில் தோட்ட ரோட்டில் நடப்பவர்கள் வெள்ளைச் சட்டை போடுங்கள், லோரிக்காரர் கண்ணில் படும்.

கிளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசும் தேவையில்லை. லயத்தில் எட்டு எட்டுப் பேராகக் குழு சேருங்கள். குழுவில் ஒருவர் கணக்குப் பிள்ளை. பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல அவர் மாலையில் பெயர் கூப்பிட வேண்டும். வந்தவருக்கு ஒரு கோடு, வராதவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்ட வேண்டும். மழை பெய்தால் கோயில் மண்டபம். மாதக் கடைசியில் அதிகக் கோடு வாங்கிய குழுவுக்கு மற்றக் குழுக்கள் சேர்ந்து இடியாப்பம் வாங்கித் தரட்டும். ரொட்டி சானாய் வேண்டாம்! துரைக்குப் பயந்து விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்கு நூறு வருடம் ஓடிய ஜனங்கள் நாம். பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினால் எழுந்து வர மாட்டோமா?

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது யாராவது ஒருவர் தையல்காரரின் அளவு நாடா ஒன்றைக் கொண்டு வாருங்கள். அறிக்கை வாசிப்பதற்கு முன்னால், தொப்புளுக்கு நேராக, மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். கிளைத் தலைவரிலிருந்து தொடங்கலாம். வெளியிலிருந்து வருகிற தொழிற்சங்க அமைப்பாளரையும் விட்டுவிடக் கூடாது.